இறுகிய கையுறையும் ஒரு ரத்தக் கண்ணாடியும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் சைக்கிள் பேரணி நடத்தினார்கள். கொசு ஒழிப்பு விழிப்புணர்வாம். ஓய்வு பெற்ற எங்களையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு தொப்பியும் ஆளுக்கொரு ஜோடி விரலில்லாத கையுறையும் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு. போட்டுப் பார்த்தேன், கட்டைவிரலுக்கு அடியில் பிடித்தது. பெரிய அளவு இருக்கிறதா என்று கேட்டதற்கு, அங்கே நின்ற இளம் சுகாதார ஆய்வாளர் சிரித்துவிட்டாள். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான சார் போறோம், சும்மா மாட்டிக்கிடுங்க" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அளவு பார்க்காமல் கையுறை வாங்குகிறவனுக்குச் சைக்கிளும் தெரியாது, கையும் தெரியாது என்று பத்து நிமிஷம் கத்தினேன். கத்தி முடித்த பிறகு அவள் நிதானமாக, "ஒரு கையுறைக்கா சார் இவ்வளவு கோவம்? என்ன நடந்துச்சுன்னு எழுதித் தாங்க, நம்ம துறை மலர்ல போடுதோம்" என்றாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். மூன்று நாள் அப்படியே போனது. நாலாம் நாள் எழுதத் தொடங்கினேன்.

எழுபதுகளின் முதல் பாதியில் மலேரியாப் பிரிவில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி என்றால் சில வாரம் வகுப்பு, சில வாரம் ஒரு மூத்தவருக்குப் பின்னால் சைக்கிள். அதன் பிறகு, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும். "காய்ச்சல் கண்ட ஆள் உண்டுமா?" என்று கேட்க வேண்டும். சுவரில் கட்டம் போட்டு, வந்த தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். காய்ச்சல்காரர் இருந்தால் அங்கேயே விரலில் குத்தி ரத்தம் எடுத்துச் சின்னக் கண்ணாடித் தகட்டில் பூச வேண்டும். ஊர்க்காரர்களுக்கு நான் 'மலேரியா சார்'. சில பிள்ளைகள் 'ஊசி குத்துதவன்' என்று கத்திக்கொண்டே ஓடும்.

ரத்தப் பூச்சு எடுப்பது பார்க்க எளிது. இடதுகை மோதிரவிரலை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் நுனியின் ஓரத்தில் ஒரே குத்து. முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த துளிகளைக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வாங்கி, இன்னொரு கண்ணாடியின் மூலையால் வட்டமாகப் பரப்பினால் கனத்த பூச்சு. மறுபக்கத்தில் ஒரு சின்னத் துளி வைத்து, சாய்த்துப் பிடித்த கண்ணாடியால் ஒரே சீராகத் தள்ளினால் மெல்லிய பூச்சு. ஈ மொய்க்காமல், புழுதி படாமல் காயவைத்து, மெல்லிய பூச்சின் மேலேயே பென்சிலால் எண் எழுத வேண்டும். அந்த எண்ணை எழுதாமல் வீட்டு வாசலை விட்டு இறங்கக் கூடாது. இது விதி. எல்லாமே விரல் நுனியின் வேலை. அழுத்தம் கூடினால் கிழிந்துவிடும், குறைந்தால் கட்டி தட்டிவிடும்.

எங்கள் இன்ஸ்பெக்டர் ஞானதாஸ் சார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. யாரையும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பிய கண்ணாடிகளை மேசையில் பரப்பி வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைக்கடிகாரத்தின் மேல் வைப்பார். கனத்த பூச்சின் வழியே கடிகாரத்தின் எண் மங்கலாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் அந்தக் கண்ணாடியை எடுத்தவனின் உள்ளங்கையில் வைத்து, "மணி என்ன வே?" என்று கேட்பார். அவ்வளவுதான். அவன் கூட்டம் முடியும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

முதல் வருஷம் என் கையில் ஒரு கண்ணாடிகூட வைத்ததில்லை. இரண்டாம் வருஷம் வாரத்துக்கு ஒன்று வைக்கத் தொடங்கினார். காரணம் எனக்கு மட்டும் தெரியும். வலதுகையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போய்க்கொண்டிருந்தன. முதலில் சைக்கிளை விட்டு இறங்கியதும் கொஞ்ச நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பிறகு அது மத்தியானம் வரை நின்றது. பிறகு சாயங்காலம் வரை. கண்ணாடியை விரலால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்கலாம். எங்கள் கட்டிடத்திலேயே பக்கத்து அறை தொழுநோய்ப் பிரிவு. அந்த அறைச் சுவரில் ஒரு கை படம் மாட்டியிருந்தது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் சிவப்பு அடித்து, 'உணர்ச்சி குறைதல்' என்று எழுதியிருந்தது. அதைத் தினமும் தாண்டித்தான் கையெழுத்துப் போடப் போக வேண்டும். வேறு யாராவது என்றால் கை மரத்தது என்று நாலு பேரிடம் புலம்பியிருப்பான். சுகாதாரத் துறையில் இருந்ததால்தான் எனக்கு நேராக அந்த எண்ணம் போனது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உடம்பில் தேமல் இருக்கிறதா என்று தேடுவேன். காபி டம்ளரைச் சுண்டுவிரலில் ஒட்டிச் சூடு தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அன்று முழுக்க நிம்மதி. தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. ஆறேழு மாதம் இப்படி ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாமல் திரிந்தேன்.

அப்போதுதான் கடையநல்லூரில் என்னோடு படித்த காஜா துபாயிலிருந்து வந்தான். எனக்கு ஒரு ஜோடி தோல் கையுறை கொடுத்தான், அங்கே கார் ஓட்டுகிறவர்கள் போடுவது. பளபளவென்று கறுப்பு. சைக்கிள் கைப்பிடியின் அதிர்ச்சியைத் தோல் வாங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் விரலை மூடிக்கொண்டு பென்சில் பிடிக்க முடியாது, ஊசி பிடிக்க முடியாது. அதனால் கத்திரிக்கோலை எடுத்து பத்து விரலையும் நறுக்கிவிட்டேன்.

அந்தக் கையுறை என் கைக்குச் சிறியது. போடும்போதே தெரிந்தது. மணிக்கட்டில் பொத்தான் பூட்ட மூச்சைப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையின் நடுவில் தடிமனாக ஒரு தையல் வேறு. கைப்பிடியை அழுத்தும்போது அது சுண்டுவிரல் பக்கத்துச் சதையில் நன்றாகப் பதியும். நறுக்கிய ஓரம் சுருண்டு விரல் அடியில் வளையம் மாதிரி இறுக்கியது. தோல் போகப் போக விட்டுக்கொடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், வெளிநாட்டுச் சாமான், போட்டுக்கொண்டு தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மரப்பு கூடி, கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் வரை வந்தது. கையுறையால் கூடுகிறது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நோய் முற்றுகிறது என்றுதான் நினைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை மாடத்தி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வெள்ளைச்சாமி ஆடு மேய்ப்பவர். வருஷத்தில் சில மாதம் மந்தையை ஓட்டிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் போய், உரத்துக்காக வயல்களில் ஆட்டுக்கிடை அடைப்பார்கள். அந்த முறை கடலோரம் வரை போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். மாடத்திக்கு ஆறு மாதம். குளிர்காய்ச்சல் கண்டு சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

"அங்கனயே ரெண்டு வாட்டி வந்துட்டு சார். குளுருன்னா அப்படி ஒரு குளுரு. கட்டிலோட ஆடுதா" என்றார் வெள்ளைச்சாமி.

அந்தக் கடலோரத்தில் மலேரியா அதிகம். கடலோரம் என்றதுமே எனக்குத் தெரியும், இது சாதாரணக் காய்ச்சலாக இருக்காது. விரலில் குத்தினேன். ரத்தத்தை வாங்கிப் பரப்பினேன். கண்ணாடி கையில் இருக்கிற உணர்வே இல்லை. காய்ந்தது. எண் எழுதப் பென்சிலை எடுத்தால் நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. வெள்ளைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வழியில் கை சரியானதும் எழுதிக்கொள்ளலாம் என்று கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றினேன். ரத்த முடிவு வருமுன் வழக்கமாகக் கொடுக்கும் நாலு மலேரியா மாத்திரையைக் கொடுத்து விழுங்கவைத்தேன். சுவரில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுக் கிளம்பினேன்.

பாதி வழியில் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன். கண்ணாடி நழுவியது தெரியவில்லை. கல்லில் விழுந்து உடைந்த சத்தம்தான் கேட்டது. மூன்று துண்டு, பூச்சின் மேல் மண். திரும்பிப் போக வேண்டுமென்றால் எதிர்காற்றில் ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும். அன்றைய கண்ணாடிகளை ஆய்வுக்கூடம் பூட்டுவதற்குள் சேர்க்க வேண்டும். பட்டியலில் அவள் பெயரை அங்கேயே கிறுக்கிவிட்டேன். பெயர் இருந்து கண்ணாடி இல்லையென்றால் ஞானதாஸ் சார் கையைப் பார்ப்பார். கையைப் பார்த்தால் பக்கத்து அறைக்கு அனுப்புவார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தச் சுவரிலேயே உட்கார்ந்திருந்தேன். கையுறையைக் கழற்றிவைத்திருந்ததால் மெல்ல விரலில் உணர்வு வந்தது. புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்தேன். என் இடதுகை மோதிரவிரலில் நானே குத்திக்கொண்டேன். பூசி, காயவைத்து, மாடத்தியின் எண்ணை அழகாக எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டம். ஞானதாஸ் சார் கண்ணாடிகளைக் கடிகாரத்தின் மேல் வைத்து வைத்து எடுத்தார். ஒன்றை மட்டும் இரண்டாம் முறை வைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். பிறகு எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க வே. பூச்சுன்னா இதுதான் பூச்சு. ஆரு எடுத்தது இது? பரமசிவமா? கை திரும்பிட்டு போலயே ஒமக்கு!"

"கையுறை போடுதேன் சார்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

எல்லாரும் என் கறுப்புக் கையுறையை வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் தானும் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். அத்தனை பேர் நடுவில், என் சொந்த ரத்தத்துக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். முள்ளின் மேல் நிற்கிற மாதிரி இருந்தது.

அதோடு விட்டதா? கூட்டம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் வெள்ளைச்சாமி. சந்தைக்கு வந்தவர் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

"மாத்திரை தின்னதும் நின்னுச்சு சார். நேத்து மறுபடி லேசா காயுது. ரத்தத்துல என்னமும் வந்திருக்கா?"

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'கிருமி இல்லை' என்று இருந்தது. "ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு" என்றேன். பதிவேட்டில் இருந்ததைத்தானே சொன்னேன் என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எத்தனையோ வருஷமாகிவிட்டது, அந்தச் சமாதானம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேறு கிராமங்கள். எந்த வீட்டில் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. வியாழக்கிழமை என் முறையில் இல்லாத வழியில் சைக்கிளைத் திருப்பி, நேரே மாடத்தி வீட்டுக்குப் போனேன். அவள் கண் திறந்திருந்தது. ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. நெற்றி நிறைய விபூதி, கையில் மந்திரித்த கயிறு. ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று ஆனபிறகு அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

"ஒண்ணுமில்லன்னு நீருதான சொன்னீரு" என்றார் வெள்ளைச்சாமி. கோபமாகச் சொல்லவில்லை. விளங்காமல் கேட்டார்.

நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். கண்ணாடி உடைந்தது, என் விரலில் குத்திக்கொண்டது, எல்லாம். அவர் என் இடதுகை விரலைப் பார்த்தார்.

"அப்பம் ஒமக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சி போச்சி. இவளுக்கு என்னன்னு ஆருட்ட கேக்க?"

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "வண்டி கட்டும். பெரிய ரோட்டுக்குப் போயி பஸ்ஸப் பிடியும். அதுக்குள்ள நான் கண்ணாடியக் கொண்டு போறேன்" என்றேன். பையைத் திறந்தேன். ஊசி பிடிக்க விரல் வரவில்லை. முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்: "என் கை மரத்திருக்கு அண்ணாச்சி. இதக் கொஞ்சம் பிடியும்." அவர் கண்ணாடியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்க, நான் பரப்பினேன். பென்சிலை முஷ்டியில் பிடித்து எண்ணை எழுதினேன். கையுறையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு மிதித்தேன். சங்கரன்கோவில் வரை எங்கும் இறங்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் சாயம் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் கிருமி. மூளைக்கு ஏறுகிற வகை. பஸ்ஸில் அவளைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் இறக்கியபோது சீட்டு டாக்டர் மேசையில் இருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலமே ஞானதாஸ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொழுநோய்ப் பயம் உட்பட. அவர் பாராட்டிய கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். இந்த முறை என் கையில் வைக்கவில்லை. தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இத நான்தான வே தூக்கிக் காட்டினேன்" என்றார். பிறகு, "கையக் காட்டும்" என்றார்.

மணிக்கட்டுக்கு மேல், சுண்டுவிரல் பக்கத்துச் சதையில் கட்டைவிரலால் அழுத்தினார். சுண்டுவிரல் வரை சுரீர் என்று இழுத்தது.

"ஞாயித்துக்கெழம மரக்குதா?"

யோசித்துப் பார்த்தேன். "ஞாயித்துக்கெழம அவ்வளவா இல்ல சார்."

"ஞாயித்துக்கெழம லீவு போடுத தொழுநோய் எங்கயும் கிடையாது. ஒம்ம சைக்கிள் கைப்பிடி நரம்ப நசுக்குது. அந்தக் கையுறை அதுக்கு மேல நசுக்குது. ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டா என்ன வே?" அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன். "ஒழுங்கான கையுறைக்கு ஏற்பாடு பண்ணித் தாரேன். ஆனா மேலிடத்துக்கு எழுதவும் செய்வேன். ரெண்டும் உண்டு."

இரண்டையும் செய்தார். பதவி உயர்வு தள்ளிப்போனது. அதை நான் எதிர்த்து எழுதவில்லை.

கையுறைக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் சீட்டு உறை தைக்கும் மைதீன் பாயிடம் என்னைக் கூட்டிப்போனார். பாய் காலையில் அளவெடுக்க மறுத்துவிட்டார். "ரவுண்டு முடிச்சி சாயங்காலம் வாங்க. மிதிச்சி வந்த கை வீங்கியிருக்கும். அந்தக் கைக்குத்தான் தைக்கணும்" என்றார். நூலால் உள்ளங்கையைச் சுற்றி விரித்த கைக்கு ஓர் அளவு, முஷ்டி மடக்கி ஓர் அளவு எடுத்து, பெரியதை வைத்துக்கொண்டார். உள்ளங்கைக்கு மெல்லிய ஆட்டுத்தோல், புறங்கைக்கு வியர்வை உறிஞ்சும் பனியன் துணி. கம்பளியை இரண்டாக மடித்து மெத்தை வைத்தார்; நடுவில் அல்ல, மணிக்கட்டு ஓரம், சுண்டுவிரல் பக்கத்துச் சதையில் ஒன்று, கட்டைவிரல் அடியில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விட்டார், நரம்பு அதில் கிடக்கட்டும் என்று. விரல் இடுக்கில் தையல் வரவிடவில்லை. விரல் ஓரத்தை நடுக் கணுவுக்குக் கீழேயே முடித்து உள்ளே மடித்தார். முடித்ததும் போடச் சொல்லி, கைப்பிடியைப் பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடிக்க வைத்தார். விட்டதும் நகத்தைப் பார்த்தார். ரத்தம் ஓடாமல் வெளுத்திருந்தது. பிரித்தார். மறுபடி தைத்தார். மூன்றாம் தடவை நகம் வெளுக்கவில்லை. "இப்ப ஒத்தக் கையாலயே கழத்துங்க" என்றார். கழன்றது. கடையில் வாங்குகிறவர்களும் இதையேதான் பார்க்க வேண்டும்: மெத்தை எங்கே இருக்கிறது, தையல் எங்கே இருக்கிறது, நகம் என்ன சொல்கிறது. நிறத்தையும் எந்த ஊர்ச் சாமான் என்பதையும் கடைசியில் பார்த்தால் போதும். ஓரிரு மாதத்தில் என் விரல்களுக்கு முழு உணர்வும் திரும்பிவிட்டது.

மாடத்தி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே, ஏழாம் மாதம் தொடங்குமுன் இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை.

வேறு பகுதிக்கு மாற்றும்படி ஞானதாஸ் சாரிடம் கேட்டேன். "அதே ரவுண்டுதான். மாத்திக் கேக்காதேயும்" என்றார். போனேன். முதல் முறை அந்த வாசலில் காய்ச்சல் உண்டுமா என்று கேட்காமல் சுவரில் தேதியை எழுதிக்கொண்டு நின்றேன். மாடத்தியே வெளியே வந்தாள். முடி கொட்டிப் பாதி ஆளாக இருந்தாள். அவள் நோய் முழுவதும் போய்விட்டதா என்று பார்க்க மறுபடி பூச்சு எடுக்க வேண்டிய முறை. கையுறையைக் கழற்றினேன்.

"கையில உணர்வு வந்துட்டா?" என்று கேட்டாள்.

"வந்துட்டு."

விரலை நீட்டினாள். குத்தினேன், பரப்பினேன். நல்ல பூச்சு. எண் எழுதக் காயவைக்கப் போனபோது, "இங்க தாங்க" என்று கண்ணாடியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஈயை விரட்டிக்கொண்டு நின்றாள். காய்ந்ததும் என் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு, "இப்ப எழுதுங்க" என்றாள். அவள் பிடித்திருக்கும்போதே எழுதினேன். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றாலும், எழுதி முடிக்கும்வரை எண்ணையே பார்த்தாள். காகிதத்தில் அவளே சுற்றித் தந்தாள்.

அதன் பிறகு பதினோரு வருஷம் அந்த ஊருக்குப் போனேன். அவளுக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும், வெள்ளைச்சாமிக்கும், எத்தனையோ தடவை ரத்தம் எடுத்திருக்கிறேன். மோர் கொடுப்பாள், சிரித்துப் பேசுவாள், என் கல்யாணத்துக்கும் வந்தாள். கண்ணாடியை மட்டும் ஒரு தடவைகூட என்னிடம் விட்டதில்லை. காய்ந்து, எண் எழுதி முடியும்வரை அது அவள் கையில்தான் இருந்தது.